வேகத்தடை பத்தி எல்லாரும் சொன்னது

டீ-சர்ட்டைத்தானே சார் பாக்குறீங்க? பாருங்க, தப்பில்ல. அம்பத்து நாலு வயசுல ஒருத்தன் மின்னல் படம் போட்ட கறுப்பு டீ-சர்ட்டோட வேலூர் பஸ்ல உக்காந்திருந்தா யாரா இருந்தாலும் பாப்பாங்க. இது இடிதாங்கி. பேண்டு பேரு. கேள்விப்பட்டதில்லையா? பரவாயில்ல. நிறையப் பேர் கேள்விப்பட்டதில்ல. எங்களுக்கு அதுவே ஒரு பெருமைதான்.

மெட்ராஸ்ல தொண்ணூத்தி ரெண்டுல ஆரம்பிச்சாங்க. நாலு பேர். தமிழ்ல ஹார்ட் ராக். அப்ப கிட்டாரும் ட்ரம்ஸும் வச்சிருந்தவங்க கல்யாண ரிசப்ஷன்ல சினிமாப் பாட்டு வாசிச்சுட்டு சாப்பிட்டுட்டுப் போயிடுவாங்க. இவங்க அப்படிப் போகல. தொண்ணூத்தி நாலுல 'கொதிகலன்'னு ஒரு கேசட்டு போட்டாங்க. ஜெயசீலன்னு பாடகர். அவர் குரலை மேல தூக்குனா தகரத்தைக் கிழிக்கிற மாதிரி இருக்கும். இஸ்மத்துன்னு ட்ரம்மர். அவர் சிம்பல்ல, அந்தப் பித்தளைத் தட்டுல, ஒண்ணு போட்டா பல்லு கூசும் சார். நெசமாவே பல்லு கூசும். அப்பதான் நான் அம்பத்தூர்ல ஒரு தனியார் ஐ.டி.ஐ-ல வாத்தியாரா சேர்ந்திருந்தேன். ஃபிட்டர் பிரிவு. பகல் பூரா கிரைண்டர் சத்தம், வீட்டுக்கு வந்தா கொதிகலன். அப்படியே முப்பது வருஷம் ஓடிப்போச்சு.

கல்யாணம் ஆன புதுசுல சுகந்தியக் கூட்டிக்கிட்டு அவங்க கச்சேரிக்குப் போனேன். சுகந்தி என் வீட்டுக்காரி. ஸ்பீக்கருக்கு நேரா முன் வரிசையில இடம் பிடிச்சுக் குடுத்தா, அவ பைக்குள்ள இருந்து பஞ்சை எடுத்துக் காதுல அடைச்சுக்கிட்டா. எனக்கு ரொம்ப அவமானமாப் போச்சு. இஸ்மத்து பாத்திருந்தா என்ன நெனப்பாரு? அன்னைக்கு வீட்டுக்கு வர்ற வரைக்கும் அவகூட நான் பேசல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ரெண்டாவது ஆல்பம் போட்டாங்க, மூணாவது போட்டாங்க, அப்புறம் பதினேழு வருஷம் ஒண்ணுமே இல்ல. நாங்க விடல. வாட்ஸப்ல 'இடிதாங்கி வெறியர்கள்'னு குரூப் ஆரம்பிச்சேன். நான்தான் அட்மின். இருநூத்திப் பன்னெண்டு பேர். கோயம்புத்தூர்ல ஒரு பல் டாக்டரம்மா, கத்தார்ல ஒரு கிரேன் ஆபரேட்டரு, மதுரையில ஒரு வக்கீலு, காலேஜு பசங்க, எல்லாரும் இருக்காங்க. செல்வின் இருந்தான். செல்வினும் நானும் பெரம்பூர்ல ஒரே தெரு. கொதிகலன் கேசட்டையே ரெண்டு பேரும் சேர்ந்துதான் வாங்குனோம். ஒரு வாரம் அவன் வீட்ல, ஒரு வாரம் என் வீட்ல.

இந்தப் பொங்கலுக்கு நாலாவது ஆல்பம் வந்துச்சு. பேரு 'வேகத்தடை.' பேரைப் பாத்தப்பவே எனக்குப் பிடிக்கல. கொதிகலன் எங்க, வேகத்தடை எங்க. இருந்தாலும் லீவு போட்டுட்டு, கதவைச் சாத்திட்டு, ஒன்பது பாட்டையும் ஒரே மூச்சுல கேட்டேன்.

கம்பளியைப் போத்திக்கிட்டு உள்ள உக்காந்து வாசிச்ச மாதிரி இருந்துச்சு சார். சிம்பல் இல்ல. சுத்தமா இல்ல. இஸ்மத்தோட கையக் கட்டிப் போட்டுட்டாங்களான்னு நெனச்சேன். ஜெயசீலன் வாய்க்குள்ளயே முணுமுணுக்கிறாரு, ஒரு வார்த்தை புரியல. கிட்டாரு எங்கயோ பக்கத்துத் தெருவுல. மூணு தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் சத்தத்தைக் கூட்டிக் கூட்டிக் கேட்டேன். மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துட்டாரு.

உக்காந்து எழுதுனேன். விமர்சனம். 'கம்பளிக்குள் ஒரு பேண்டு'ன்னு தலைப்பு. குரூப்ல போட்டுட்டு, பொதுவுல எல்லாரும் பாக்குற மாதிரி ஃபேஸ்புக்லயும் போட்டேன். சிம்பலைத் திருடுனது யாருன்னு கேட்டிருந்தேன். வயசாச்சுன்னா வீட்ல உக்காரணும், எங்க காதைக் கெடுக்கக் கூடாதுன்னு எழுதியிருந்தேன். இஸ்மத்துக்குக் கை விழுந்துடுச்சுன்னும் எழுதினேன். அந்த வரிக்குத்தான் நிறைய லைக்கு வந்துச்சு.

அப்புறம் பாக்கணுமே. ஆளாளுக்கு ஒரு அபிப்பிராயம். கத்தார் தம்பி, இதைச் சீமந்தத்துக்குப் போடலாம்ணேன்னான். மதுரை வக்கீலு, "கொதிகலனைக் கேட்டுட்டு அன்னைக்கு வேலையை விட்டேன், இதைக் கேட்டதும் பிரஷர் மாத்திரை போட ஞாபகம் வந்துச்சு"ன்னாரு. சந்தோஷமா இருந்துச்சு எனக்கு, நம்ம பக்கம் ஆள் இருக்குன்னு. ஆனா பாதிப் பேரு அந்தப் பக்கம் சார். அந்தக் கோயம்புத்தூர் டாக்டரம்மா, அமுதினின்னு பேரு, நீளமா எழுதுறாங்க. இவங்க நாலு பேரும் இப்பதான் ஒருத்தர் வாசிக்கிறதை ஒருத்தர் கேட்டு வாசிக்கிறாங்களாம், சிம்பல் மழைத் தூத்தல் மாதிரி விழுதாம். எந்தச் சிம்பலு? காலேஜு பொண்ணு ஒண்ணு, பழைய ஆல்பமெல்லாம் குக்கர் விசில் மாதிரி இருக்கு அங்கிள், இதுதான் பாட்டுன்னு போட்டுச்சு. அங்கிளாம்.

நான் ஒவ்வொருத்தருக்கும் பதில் போட்டேன். விடிஞ்சா அதே வேலை. கிளாஸ்ல பசங்க சந்தேகம் கேப்பானுங்க, அவனுங்களும் இப்பல்லாம் வாயைத் திறந்து பேசுறதில்ல, முணுமுணுன்னுதான் கேக்குறானுங்க. நான் போனைப் பாத்துக்கிட்டே தலையாட்டிடுவேன்.

செல்வின் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில வீட்டுக்கு வந்தான். சேந்து கேப்போம்டான்னான். போட்டேன். வழக்கமா வைக்கிற சத்தத்துலதான் வச்சேன். அவன் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டான். "குறைடா, என்னடா இது"ன்னான். குறைச்சேன். மூணாவது பாட்டுல, "ஆஹா, அந்த ஹை-ஹாட்டைக் கேளு தயா"ன்னு கண்ணை மூடுறான். அதுவும் சிம்பல்தான், ஜோடித் தட்டு. எனக்கு ஒண்ணும் கேக்கல. "நடிக்காதடா"ன்னேன். அவன் கண்ணைத் திறந்து பாட்டை நிறுத்தினான்.

"தயா, கோவிச்சுக்காத. நீ ஒரு தடவை டாக்டர்கிட்டக் காதைக் காட்டிடு."

எப்படி இருக்கும் சொல்லுங்க. முப்பது வருஷமா இந்த பேண்டைக் கேட்ட காதைப் பாத்து அப்படிச் சொல்றான். அவன் தெருமுனை திரும்புறதுக்குள்ள குரூப்ல இருந்து அவனை எடுத்துட்டேன்.

அந்த வாரத்துலதான் சுகந்தி ராணிப்பேட்டைக்கு அவ அக்கா வீட்டுக்குக் கிளம்பினா. நான் டாக்டரம்மாவுக்கு மும்முரமா பதில் அடிச்சுக்கிட்டிருந்தேன். அவ பையோட வாசல்ல நின்னு ஏதோ சொன்னா, போனா. அக்காவைப் பாக்க அடிக்கடி போறவதான். நாலு நாள்ல வந்துடுவான்னு இருந்தேன். பிள்ளைங்க கிடையாது எங்களுக்கு. அவ இல்லன்னா வீட்ல நான் மட்டும்தான்.

மார்ச்சுல பேண்டே ஒரு கூட்டம் வச்சாங்க. எழும்பூர்ல ஒரு சின்ன ஹாலு. ரசிகர்களோட ஒரு காலைன்னு. வந்து கேள்வி கேக்கலாம்னாங்க. நூறு பேர் இருப்பாங்க. மேடையில நாலு பேரும் உக்காந்திருக்காங்க. ஜெயசீலனுக்கு முடியெல்லாம் வெளுத்துப்போச்சு. இஸ்மத்து ஓரமா, கையில ஸ்டிக்கை உருட்டிக்கிட்டு. நான் மைக்கை வாங்குனேன். "உங்க வெறியன்தான் பேசுறேன். ஒரே கேள்வி. சிம்பலை எங்க ஒளிச்சு வச்சீங்க?"

ஹாலே சிரிச்சுச்சு. எனக்கு அப்படி ஒரு தெம்பு. இன்னும் நாலு வார்த்தை சேத்துக் கேட்டேன். ஜெயசீலன் ஏதோ பதில் சொன்னாரு, மைக்கை வாய்ல இருந்து தள்ளி வச்சுக்கிட்டு. என்னன்னு பிடிபடல. திரும்பக் கேட்டேன். திரும்பச் சொன்னாரு. மறுபடியும் சிரிச்சாங்க. அப்பதான் சார் எனக்கு லேசா உறைச்சுச்சு, இவங்க அவரைப் பாத்துச் சிரிக்கல, என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்கன்னு.

டீ குடிக்க விட்டாங்க. நான் கிளம்பிடலாம்னு வராந்தாவுக்கு வந்தேன். பின்னாலயே இஸ்மத்து வந்துட்டாரு. இஸ்மத்து சார். முப்பது வருஷமா தூரத்துல இருந்தே பாத்த ஆளு. நேரா முன்னால வந்து நின்னு, வாயை நல்லாத் திறந்து, நிறுத்தி நிறுத்திப் பேசுனாரு. ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுச்சு.

"உங்க விமர்சனம் படிச்சேன். பேரு தயாளன்தானே? ஒரு நிமிஷம் அந்தச் சுவத்தைப் பாத்து நில்லுங்க தயாளன்."

எதுக்குன்னு தெரியல, நின்னேன். அவர் பாக்கெட்ல இருந்து முட்டை மாதிரி ஒண்ணை எடுத்தாரு. ஷேக்கர்னு சொல்லுவாங்க, உள்ள மணல் இருக்கும், ஆட்டினா சலசலக்கும். அதை என் முதுகுக்குப் பின்னால ஆட்டுவாரு, எத்தனை தடவைன்னு நான் எண்ணணும். சரின்னு நின்னேன். நின்னுக்கிட்டே இருந்தேன்.

"ஆரம்பிங்க"ன்னேன்.

என் தோளைத் தொட்டுத் திருப்புனாரு. "முடிஞ்சுடுச்சு. பன்னெண்டு தடவை."

அவர் முடியை ஒதுக்கிக் காட்டுனாரு. காதுக்குப் பின்னால மெஷின். ரெண்டு பக்கமும். "பத்து வருஷமாச்சு. மிச்சம் இருக்கிறதாவது இருக்கணும்னா சத்தமா வாசிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் விலகிக்கிறேன்னேன். ஜெயசீலன் விடல. அப்ப மெதுவா வாசிப்போம்னான். அதுதான் இந்த ஆல்பம்."

என்ன சொல்லியிருக்கணும் நான்? கை விழுந்துடுச்சுன்னு எழுதினவன். ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் என்ன கேட்டேன் தெரியுமா, "அப்ப நாலாவது பாட்டுக்கு என்ன காரணம் சொல்லுவீங்க?"ன்னேன். அவர் சிரிச்சுட்டு உள்ள போயிட்டாரு.

ரெண்டு வாரம் யார்கிட்டயும் பேசாம இருந்தேன். அப்புறம் காது டாக்டர்கிட்டப் போய்க் காட்டினேன். கண்ணாடி ரூமுக்குள்ள உக்கார வச்சு, காதுல ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்கன்னாங்க. நான் அழுத்துறதுக்காக உக்காந்தே இருந்தேன். வெளிய வந்தா டெஸ்ட் எடுத்த பொண்ணு ஒரு கோட்டுப்படம் காட்டுச்சு. கோடு பாதி வரைக்கும் நேரா வந்து, அங்க இருந்து பள்ளத்துல விழுந்த மாதிரி இறங்குது. "மேல் ஸ்தாயிச் சத்தமெல்லாம், கீச்சுன்னு வர்றதெல்லாம், போயிடுச்சு சார். ஆறேழு வருஷமாவது ஆகியிருக்கும். வீட்ல யாரும் சொல்லலையா?"ன்னு கேட்டுச்சு. யாரும் சொல்லலன்னேன்.

இதோ, இதுதான் மெஷின். ரெண்டு காதுலயும். சின்னதுதான், தெரியாது. இவ்வளவு நேரம் நீங்க கவனிக்கல பாருங்க.

மெஷினை மாட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். ஃபிரிட்ஜு அப்படிக் கத்தும்னு எனக்குத் தெரியாது. பாத்ரூம்ல குழாய் சொட்டிக்கிட்டிருக்கு. என் செருப்பே சத்தம் போடுது. மொதல் வேலையா வேகத்தடையைப் போட்டேன். எப்பவும் வைக்கிற சத்தத்துல வச்சேன், தூக்கிவாரிப் போட்டுச்சு. குறைச்சேன். இன்னும் குறைச்சேன்.

சிம்பல் இருக்கு சார். எல்லாப் பாட்டுலயும் இருக்கு. ஆரம்பத்துல இருந்தே இருந்திருக்கு. ஜெயசீலன் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா, பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரிப் பாடியிருக்காரு. ஒன்பது பாட்டையும் கேட்டுட்டு உக்காந்தே இருந்தேன்.

ஆனா ஒண்ணு சொல்றேன், நாலாவது பாட்டு இப்பவும் நல்லால்ல. சத்தியமா நல்லால்ல. சரணத்துல ஒரே வரியை எட்டுத் தடவை பாடுறாரு. ஏழாவதும் எனக்கு ஒட்டல. இது காதுக் கோளாறு இல்ல, நல்லாக் கேட்டுட்டுத்தான் சொல்றேன். அதையே குரூப்ல எழுதினேன். நடந்ததையெல்லாம் மறைக்காமச் சொல்லி, சிம்பல் விஷயத்துல நான் தப்பு, இஸ்மத்துகிட்ட மன்னிப்புக் கேக்குறேன், ஆனா நாலாவது பாட்டு விஷயத்துல என் கருத்தை மாத்திக்கலன்னு போட்டேன்.

நாலாவது பாட்டைப் பத்தி ஒருத்தர் பதில் சொல்லணுமே. ஒருத்தரும் சொல்லல. "வாழ்த்துகள் அண்ணே", "நல்லபடியாக் கேக்குதுன்னு சந்தோஷம்", "உடம்பைப் பாத்துக்கங்க." கும்பிடுற கை படம், பூங்கொத்து படம். அந்த மதுரை வக்கீலு, என்கூட நின்ன ஆளு, அவரும் பூங்கொத்து போடுறாரு. நான் திரும்பக் கேட்டேன், அந்தச் சரணத்தைப் பத்தி என்ன சொல்றீங்கன்னு. "சரிண்ணே, சரிண்ணே"ங்கிறாங்க. திட்டினாக்கூடத் தாங்கிக்கலாம் சார். காது கேக்காதவன் ஏதோ சொல்றான்னு விட்டுக்குடுக்கிறாங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியல.

செல்வினைத் திரும்பக் குரூப்ல சேத்தேன். ஒரு நிமிஷம் ஆகல, 'செல்வின் வெளியேறினார்'னு வந்துச்சு. சேத்த கையோட அவன் சொன்னது சரின்னு குரூப்லயே எழுதியிருந்தேன், அவன் அதைப் படிச்சானா இல்லையான்னுகூடத் தெரியல. போன் பண்ணி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். சொல்லணும்.

காவேரிப்பாக்கம் தாண்டிடுச்சா? சரி, சரி.

மெஷின் வந்து மூணாவது நாள் சாயங்காலம் சுகந்திக்குப் போன் போட்டேன். அவ போய் அப்பவே மாசம் ஒண்ணாகியிருந்துச்சு. நடுவுல போன்ல பேசல, எனக்குப் போன்ல சரியா விளங்காது, அதனால வாட்ஸப்லதான். சாப்டியா, சாப்டேன், அவ்வளவுதான். இப்ப அவ குரலைக் கேட்டதும் யாரோன்னு இருந்துச்சு. குரல் கொஞ்சம் கரகரத்துப் போயிருந்துச்சு. எத்தனை வருஷமா அப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது.

"எப்ப வர்ற?"ன்னேன்.

"எங்க?"

"எங்கன்னா? வீட்டுக்குத்தான்."

அந்தப் பக்கம் சத்தமே இல்ல. மெஷின் நின்னுடுச்சோன்னு தட்டிப் பாத்தேன்.

"நான் சொல்லிட்டுத்தானே வந்தேன்"ன்னா.

"என்ன சொன்ன?"

"இனிமே அங்க வரப்போறதில்லன்னு சொன்னேன். வாசல்ல பையோட நின்னு சொன்னேன். நீங்க ம்னு சொன்னீங்க. சரி, உங்களுக்கும் அதுல ஒண்ணுமில்ல போலன்னு வந்துட்டேன்."

இது நியாயமா சார்? கேக்காத காதுகிட்டச் சொல்லிட்டு, சொல்லியாச்சுங்கிறது? நான் அப்படித்தான் கேட்டேன். எனக்குக் கேக்கல சுகந்தி, டாக்டரே சொல்லியிருக்காரு, கோடு போட்டுக் காட்டியிருக்காங்கன்னேன். அவ கோவப்படல. அவ பேசுறதைக் கேட்டா யாரோ அடுத்த வீட்டுக் கதையைச் சொல்ற மாதிரி இருந்துச்சு.

"கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லியிருக்கலாமே. எல்லாத்துக்கும் ம்னுதானே சொன்னீங்க. முட்டி வலிக்குது, ஆஸ்பத்திரிக்கு வர்றீங்களான்னேன், ம்னீங்க. கிளம்பி உக்காந்திருந்தேன், நீங்க பாட்டுப் போட்டுட்டீங்க. அம்மா திதிக்கு வர்றீங்களான்னேன், அதுக்கும் ம். அந்தப் புது ஆல்பத்துல ஏழாவது பாட்டு நல்லா இருக்குன்னு அன்னைக்கே சொன்னேன். அதுக்கும் ம்தான்."

உண்மைதான் சார். ம் சொல்றது சுலபம். என்னன்னு திரும்பக் கேட்டா, ரெண்டாவது தடவையும் விளங்காது, மூணாவது தடவை கேட்டா மூஞ்சியைச் சுளிப்பாங்க. ம்னு சொல்லிட்டா அவங்களும் போயிடுவாங்க. பசங்ககிட்ட சொன்னேன், பிரின்சிபால்கிட்ட சொன்னேன். அவகிட்டதான் அதிகமாச் சொல்லியிருப்பேன் போல. ஆறேழு வருஷம். எதுக்கெல்லாம் சொன்னேன்னு நெனச்சுப் பாத்தா உக்கார முடியல.

அவ ஏழாவது பாட்டைக் கேட்டிருக்கான்னே எனக்குத் தெரியாது. இருநூத்திப் பன்னெண்டு பேர் என்ன நெனைக்கிறாங்கன்னு தெரியும். கத்தார்ல இருக்கிறவன் என்ன நெனைக்கிறான்னு தெரியும்.

ஆனா அப்ப நான் என்ன பண்ணேன் பாருங்க. ஏழாவதா, அது அவ்வளவு சரியில்லையே, பல்லவிக்கும் சரணத்துக்கும் ஒட்டலயேன்னேன். வாய்ல வந்துடுச்சு. "இப்பவும் அதேதானா"ன்னு போனை வச்சுட்டா. அதுக்கப்புறம் ஒரு வாரம் எடுக்கல. நேத்து அவ அக்காதான் எடுத்தாங்க. "வர்றதுன்னா நேர்ல வாங்க மாப்பிள்ளை, போன்ல வேணாம்"னாங்க. அதான் கிளம்பிட்டேன்.

என்ன பேசணும்னு நேத்து ராத்திரி பூரா ஒத்திகை பாத்தேன். காதுக் கோட்டுப்படத்தைக்கூட மடிச்சுப் பையில வச்சேன், காட்டலாம்னு. காலையில எடுத்து வீட்லயே வச்சுட்டேன். அதைக் காட்டினா நான் செஞ்சது சரின்னு ஆயிடுமா? முதல்ல இருந்து சொல்லு, நான் இப்ப கேக்குறேன்னு மட்டும் சொல்லலாம்னு இருக்கேன். ஏழாவது பாட்டைப் பத்தி வாயைத் திறக்கக் கூடாது. அது என்னால முடியுமான்னு தெரியல, ஆனா திறக்கக் கூடாது.

கண்டக்டர் ராணிப்பேட்டை முத்துக்கடைன்னுதானே சொன்னாரு? ஆமா, நான் இறங்கணும். நீங்க வேலூர் வரைக்கும் போறீங்க. இந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க சார், மேல இருக்கு. வர்றப்ப கோயம்பேட்டுல ரெண்டு மெஷினுக்கும் புது பேட்டரி போட்டுக்கிட்டேன், பையிலயும் ஒரு அட்டை இருக்கு. அவ ஆரம்பிச்சா எவ்வளவு நேரம் ஆகும்னு சொல்ல முடியாது. பாதியில நின்னுடக் கூடாது.